சின்ன வெண்கல விலங்கு வார்ப்பது எப்படி: மெழுகிலிருந்து மெருகு வரை

உள்ளங்கையில் அடங்குகிற ஒரு வெண்கல விலங்கு. 7, 8 செ.மீ. நீளம், உள்ளே கெட்டி. மெழுகில் உருவம் செய்து, மண்ணில் பொதிந்து, மெழுகை உருக்கி எடுத்துவிட்டு அந்த இடத்தில் உலோகம் ஊற்றும் முறை. இதைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன்.

புதிதாக வருபவர்களோடு உட்கார்ந்து நிறைய அச்சுகளை உடைத்துப் பார்த்திருக்கிறேன். எல்லோருக்கும் பயம் உலோகம் ஊற்றும் அந்தப் பத்து நொடியைப் பற்றித்தான். ஆனால் மூன்று காலோடு வெளியே வந்த ஆடும், வயிற்றில் குழி விழுந்த எருமையும் அதற்கு ஒரு வாரம் முன்பே, மெழுகில் தண்டு (உலோகம் உள்ளே போகவும் காற்று வெளியேறவும் வழி விடும் குச்சி) ஒட்டும்போதே கெட்டுப்போயிருந்தன. அதனால் அந்தப் பகுதியை நீட்டி எழுதியிருக்கிறேன், மற்றதைத் தேவையான அளவுக்கு மட்டும்.

1. முதல் விலங்கு படுத்திருக்கட்டும்

பாயும் மான், முன்னங்கால் தூக்கிய குதிரை, இப்படித்தான் எல்லோரும் ஆரம்பிக்கிறார்கள். வேண்டாம். மெல்லிய கால் நான்கு என்றால், உலோகம் பாதி வழியில் உறைந்துபோக நான்கு இடம் என்று அர்த்தம்.

படுத்திருக்கும் எருமை நல்ல தொடக்கம். கால்கள் மடிந்து வயிற்றோடு ஒட்டியிருக்கும், கொம்பு பின்னோக்கி வளைந்து கழுத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும், வாலைத் தொடைமேல் சுற்றிப் போட்டுவிடலாம். தனியாக நீட்டிக்கொண்டு நிற்பது இரண்டு காது மட்டும்தான். அடிப்பக்கம் தட்டையாக இருப்பதால் தண்டு வெட்டிய தழும்பெல்லாம் யார் கண்ணிலும் படாது.

இரண்டு அளவுகளை மட்டும் மனதில் வையுங்கள். எந்த இடமும் 3 மி.மீ.க்கு மெலிய வேண்டாம், எந்த இடமும் 3 செ.மீ.க்கு மேல் தடிக்க வேண்டாம். மெலிந்தால் உலோகம் போய்ச் சேராது. தடித்தால் வெளித்தோல் முதலில் உறைந்து, உள்ளே இருப்பது பிறகு சுருங்கும்போது நடுவில் பள்ளம் விழும். இதைவிடப் பெரிய உருவத்துக்கு உள்ளே மண் கரு வைத்துக் கூடாக வார்க்க வேண்டும். அது வேறு பாடம், முதல் வருடத்தில் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

2. தொடங்கும் முன்பே கையில் இருக்க வேண்டியவை

மெழுகு வேலைக்கு: தேன்மெழுகு, குங்கிலியத் தூள், கொஞ்சம் எண்ணெய், ஒரு ஸ்பிரிட் விளக்கு, தேய்ந்த கத்தி, ஊசி, பழைய பல் மருத்துவக் கருவி கிடைத்தால் அதைவிடச் சிறந்தது இல்லை.

அச்சுக்கு: துணியில் சலித்த வண்டல் மண், களிமண், சன்ன மணல், உமிக்கரியோ மரக்கரியோ இடித்த தூள், மெல்லிய இரும்புக் கம்பி, தராசு. தராசு இல்லாமல் இந்த வேலையில் இறங்க வேண்டாம். ஏன் என்பது 5, 6ஆம் பகுதிகளில் தெரியும்.

உலோக வேலைக்கு: உலை, கிராஃபைட் கலந்த மூசை (உலோகத்தை உருக்கும் கிண்ணம்), அதன் அளவுக்குச் சரியாகப் பிடிக்கும் இடுக்கி, கசடு வழிக்க ஒரு இரும்புக் கரண்டி, வெப்பம் பார்க்க தெர்மோகப்பிள். உருகிய உலோகத்தின் பளபளப்பான முகத்தைத் தூரத்திலிருந்து அளக்கும் துப்பாக்கி மாதிரியான கருவிகள் தப்பாகக் காட்டும், அதை நம்பி நூறு டிகிரி கோட்டை விட்டவர்கள் உண்டு.

உடம்புக்கு: முழு முகத்தையும் மூடும் கவசம், தோல் கையுறை, தோல் ஏப்ரன், தோல் ஷூ. பேண்ட்டின் கால் ஷூவுக்கு வெளியே தொங்க வேண்டும், உள்ளே செருகினால் சிந்துகிற உலோகம் நேராக ஷூவுக்குள் போகும். உடுப்பு பருத்தி மட்டுமே. பாலியஸ்டர், நைலான் எதுவானாலும் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும்.

இன்னொன்று, துணைக்கு ஒரு ஆள். தனியாக உலோகம் ஊற்றாதீர்கள்.

3. மெழுகைப் பதமாக்கி உருவம் செய்வது

தேன்மெழுகு மட்டும் என்றால் விரல் சூட்டிலேயே குழைந்துவிடும், காதைச் சரிசெய்யும்போது கொம்பு நசுங்கும். குங்கிலியம் சேர்த்தால் இறுகும், எண்ணெய் சேர்த்தால் இளகும். அளவைச் சொல்வதைவிடச் சோதனையைச் சொல்கிறேன். ஆறிய கலவையில் ஒரு நூல் திரித்து மெதுவாக வளையுங்கள். பொடுக்கென்று ஒடிந்தால் எண்ணெய் போதவில்லை. தானாகவே தொங்கினால் குங்கிலியம் போதவில்லை. வெயில் காலத்துக் கலவை குளிர்காலத்தில் ஒடியும், அதனால் ஒருமுறை எழுதிவைத்த அளவைக் கண்ணை மூடிக்கொண்டு பின்பற்ற முடியாது.

தேன்மெழுகு 62 முதல் 65 டிகிரிக்குள் உருகிவிடும். நேரடித் தீயில் வைக்காமல், தண்ணீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து உருக்குங்கள். குங்கிலியம் அவ்வளவு லேசில் கரையாது, நன்றாகப் பொடித்துக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவிக் கிளற வேண்டும். மெழுகு தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றக் கூடாது, மூடியைப் போட்டு அணையுங்கள்.

உருவம் செய்யும்போது முதலில் உடம்புக் கட்டி, அப்புறம் கழுத்து, தலை, மடித்த கால்கள், கடைசியில் காதும் கொம்பும் வாலும். ஒவ்வொரு துண்டையும் ஒட்டும்போது சூடான கருவியை இரண்டு பக்கமும் ஆழமாகச் செலுத்தி உருக்கி இணையுங்கள். மேலே மட்டும் பூசி ஒட்டினால் அந்த இடுக்கில் ஈர மண் புகுந்துகொள்ளும், வெண்கலத்தில் அது பிளவாக வரும்.

கண், மூக்குத் துளை, கழுத்து மடிப்பு இவற்றை நீங்கள் நினைப்பதைவிடக் கொஞ்சம் ஆழமாகவே போடுங்கள். வார்ப்புக்குப் பிறகு அரமும் மெருகும் சேர்ந்து பாதி ஆழத்தைத் தின்றுவிடும். அதேபோல மெழுகில் இருக்கிற கைரேகைகூட வெண்கலத்தில் அப்படியே வரும். ஸ்பிரிட் விளக்குச் சுடரை மேலோட்டமாகக் காட்டியோ, ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் துடைத்தோ அதை இங்கேயே நீக்கிவிடுங்கள். மெழுகில் இரண்டு நிமிட வேலை, வெண்கலத்தில் இரண்டு மணி நேரம்.

4. தண்டு ஒட்டுவது: இங்கேதான் எல்லாம் இருக்கிறது

இப்போது உருவத்தோடு மூன்று சாமான்கள் சேர வேண்டும், எல்லாமே மெழுகில். உலோகம் உள்ளே போகும் ஊற்றுத்தண்டு, அதன் தலையில் ஒரு புனல், காற்று வெளியேறுவதற்கான காற்றுத்தண்டுகள்.

முதலில் விலங்கைத் தலைகீழாகப் பிடியுங்கள். அச்சுக்குள் அது அப்படித்தான் இருக்கப்போகிறது, முதுகு கீழே, வயிறு மேலே. இந்த நிலையில் ஒவ்வொரு பாகத்தையும் விரலால் தொட்டுக்கொண்டே ஒரே கேள்வியைக் கேளுங்கள்: "இது மேல்நோக்கி முடிகிறதா, கீழ்நோக்கி முடிகிறதா?" கீழ்நோக்கி முடிகிற கொம்பில் உலோகம் தானாக இறங்கும், காற்று மேலே ஏறிவிடும். மேல்நோக்கி முடிகிற குளம்பில் காற்றுக்குப் போக்கிடம் இல்லை. உலோகம் வரும், அங்கே சிக்கிய காற்று அதைத் தடுத்து நிறுத்தும், குளம்பு இருக்க வேண்டிய இடத்தில் மழுங்கிய கட்டைதான் மிஞ்சும். மேல்நோக்கி முடிகிற ஒவ்வொரு நுனிக்கும் ஒரு காற்றுத்தண்டு வேண்டும்.

என் மூன்றுகால் ஆடு இப்படித்தான் பிறந்தது. நான்கு குளம்புக்கும் காற்றுத்தண்டு வைத்தேன். நான்காவது, மண் பூசும்போது தூரிகை பட்டு அசைந்திருக்கிறது, மயிரிழை அளவுக்கு விலகியிருக்கிறது. நான் பார்க்கவில்லை. அந்த இடைவெளியில் மண் போய் உட்கார்ந்துகொண்டது. அச்சை உடைத்தபோது மூன்று கால் முழுசாக, நான்காவது முழங்காலோடு நின்றிருந்தது. அன்றிலிருந்து ஒட்டிய ஒவ்வொரு தண்டையும் லேசாக இழுத்துப் பார்க்காமல் மண்ணைத் தொடுவதில்லை.

படுத்த எருமைக்குச் சுலபம். தலைகீழாகத் திருப்பினால் தட்டையான அடிப்பக்கம் மேலே வரும். அதன் நடுவில், உடம்பு தடிப்பான இடத்தில், 10 மி.மீ. கனத்தில் ஊற்றுத்தண்டு. முன்முழங்கால் பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று என 3 மி.மீ. காற்றுத்தண்டு இரண்டு. காது நுனி எந்தப் பக்கம் பார்க்கிறது என்று பாருங்கள். தலைகீழ் நிலையில் மேலே பார்த்தால் அதற்கும் ஒன்று.

ஊற்றுத்தண்டு ஏன் இவ்வளவு கனம் என்று எல்லோரும் கேட்கிறார்கள். வெட்டி எறியப்போவதுதானே, மெல்லியதாக இருந்தால் அறுக்கச் சுலபம் என்று நினைக்கிறார்கள். வெண்கலம் உறையும்போது சுருங்கும். சுருங்குகிற உடம்பு எங்கிருந்தாவது உலோகத்தை இழுத்துக்கொள்ளப் பார்க்கும். தண்டும் புனலும் கடைசிவரை உருகிய நிலையில் இருந்தால் அங்கிருந்து இழுத்துக்கொள்ளும். தண்டு மெல்லியதாக இருந்து முதலில் உறைந்துவிட்டால் வழி அடைபட்டுப்போகும், அப்புறம் எருமையின் வயிறுதான் உள்வாங்கும். புனலும் தாராளமாக, சின்னக் கிண்ணம் அளவுக்கு இருக்கட்டும்.

தண்டு சேரும் இடத்தில் கூர்மையான மூலை வேண்டாம். மெழுகு வைத்து உருட்டி வழுவழுப்பாக்குங்கள். மூலையாக விட்டால் மண் அங்கே முனையாக நீட்டிக்கொண்டிருக்கும், ஊற்றும் வேகத்தில் உடைந்து உள்ளே மிதந்து எங்கேயாவது ஒட்டிக்கொள்ளும்.

5. எடை போட்டு எழுதிவைப்பது

மண் பூசும் முன் உருவம், தண்டு, புனல் எல்லாம் சேர்த்து எடை போடுங்கள். வெண்கலத்தின் அடர்த்தி ஏறக்குறைய 8.8, மெழுகு 1க்குச் சற்றுக் குறைவு. அதனால் மெழுகு எடையைப் பத்தால் பெருக்கினால் போதும், கொஞ்சம் உபரியும் கிடைக்கும். 70 கிராம் மெழுகு என்றால் 700 கிராம் வெண்கலம்.

உருவத்தை மட்டும் எடை போட்டுவிட்டுத் தண்டை மறப்பது அடிக்கடி நடக்கிற தவறு. பாதி நிரம்பிய அச்சில் இரண்டாம் முறை உருக்கி ஊற்ற முடியாது, முதல் ஊற்றோடு அது சேராது.

6. மண் பூசுவது

முதல் பூச்சுதான் சிலையின் தோல். சலித்த வண்டல் மண்ணும் கரித்தூளும் தண்ணீரில் தயிர்ப் பதத்துக்குக் குழையுங்கள். சுடும்போது கரி எரிந்துபோய் நுண்ணிய துளைகளை விட்டுவிடும், ஊற்றும்போது வாயு அந்த வழியாகவும் வெளியேறும். வெறும் மண் காயும்போது சுருங்கி வெடிக்கும், கரி அதையும் குறைக்கும்.

மெழுகின்மேல் தண்ணீர் ஒட்டாது. முதலில் ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைத்துவிட்டு, மெல்லிய தூரிகையால் பூசிக்கொண்டே வாயால் ஊதுங்கள். காதின் உள்மடிப்பு, கொம்புக்கும் கழுத்துக்கும் நடுவே, மடிந்த காலின் இடுக்கு, இங்கெல்லாம் ஒரு காற்றுக்குமிழ் நின்றால் வெண்கலத்தில் அந்த இடத்தில் ஒரு மணி ஒட்டியிருக்கும். ஒரு பூனைக்குட்டி வார்ப்பில் தாடைக்குக் கீழே வரிசையாக ஐந்து மணி, ஏதோ சலங்கை கட்டிவிட்டது மாதிரி. பார்க்க அழகாகத்தான் இருந்தது, ஆனால் நான் கட்டவில்லை.

மெல்லிசாக மூன்று பூச்சு, ஒவ்வொன்றும் நிழலில் காய்ந்த பிறகு அடுத்தது. வெயிலில் வைத்தால் மண் வெடிக்கும், உள்ளே மெழுகும் இளகி விரியும். மூன்றும் காய்ந்ததும் களிமண்ணும் மணலும் கலந்த மண்ணை ஒரு செ.மீ. கனத்துக்கு அப்புங்கள். மணல் எவ்வளவு என்பதற்கு, கொஞ்சத்தை உருண்டை பிடித்துக் காயவையுங்கள், வெடித்தால் இன்னும் மணல். இது காய்ந்ததும் இரும்புக் கம்பியால் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டி, அதன்மேல் இன்னொரு செ.மீ. மண் அப்புங்கள். கம்பி இல்லாத அச்சு உலோகத்தின் எடை தாங்காமல் பிளந்துவிட்டால், 700 கிராம் வெண்கலமும் மணலுக்குள் ஓடிப்போகும்.

புனல் வாயையும் காற்றுத்தண்டுகளின் நுனியையும் மூடாமல் வெளியே தெரிய விடுங்கள். சிரிக்காதீர்கள், மூடிவிட்டுத் தேடியவர்கள் இருக்கிறார்கள்.

காய்ந்துவிட்டதா என்பதைத் தொட்டுப் பார்த்துச் சொல்ல முடியாது. தினமும் ஒரே நேரத்தில் எடை போடுங்கள். இரண்டு நாள் தொடர்ந்து எடை குறையாமல் நின்றால் காய்ந்தது. அதற்கு ஒரு வாரம் ஆகலாம், மழைக்காலத்தில் இரண்டு வாரமும் ஆகலாம். அவசரப்பட முடியாது.

7. மெழுகை எடுத்து அச்சைச் சுடுவது

அச்சை வாய் கீழாக வைத்து, கீழே தண்ணீர் உள்ள அகலப் பாத்திரம் வையுங்கள். முதலில் வாய்ப்பக்கம் சூடு படட்டும், பிறகு உடம்புப் பக்கம். மெழுகு உருகும் முன் விரியும். தண்டு முதலில் உருகி வழி திறந்திருந்தால் உள்ளே விரிகிற மெழுகு வெளியே வரும், இல்லாவிட்டால் அச்சைத் தள்ளிப் பிளக்கும்.

வெளியே வந்த மெழுகு ஆறியதும் தண்ணீர்மேல் தகடாக மிதக்கும். துடைத்து எடை போடுங்கள். போட்டதைவிடச் சற்றுக் குறையும், மண் கொஞ்சம் குடித்திருக்கும். பாதிதான் வந்திருக்கிறது என்றால் உள்ளே எங்கோ அடைத்திருக்கிறது, மறுபடி சூடுகாட்டுங்கள்.

அப்புறம் சுடுவது. முதல் இரண்டு மணி நேரம் 100 டிகிரியைச் சுற்றியே மெதுவாகப் போகட்டும், மிச்ச ஈரம் ஆவியாகி வெளியேற வேண்டும். 573 டிகிரி பக்கம் வரும்போது மறுபடி நிதானம், மணலில் உள்ள குவார்ட்ஸ் அந்த வெப்பத்தில் சட்டென்று விரியும். 700 டிகிரியில் குறைந்தது இரண்டு மணி நேரம் நிறுத்துங்கள். புனலுக்குள் எட்டிப் பார்த்தால் உள்சுவர் மங்கிய சிவப்பாக, கரும்புகைக் கறை இல்லாமல் இருக்க வேண்டும். கறுப்பு இருந்தால் மெழுகு இன்னும் இருக்கிறது. எஞ்சிய மெழுகோ ஈரமோ உலோகம் பட்டவுடன் வாயுவாகி, ஊற்றியதைப் புனல் வழியாகவே முகத்துக்கு எதிரே துப்பும்.

8. உலோகத்தை உருக்குவது

வரிசை முக்கியம். அச்சு 700 டிகிரியில் கடைசி ஒரு மணி நேரத்தில் இருக்கும்போதுதான் உலையில் மூசையை ஏற்ற வேண்டும். அச்சு சூட்டிலேயே காத்திருக்கலாம், ஒன்றும் ஆகாது. உருகிய உலோகம் காத்திருந்தால் வாயுவை இழுத்துக்கொள்ளும், உறையும்போது அது ஊசித்துளைகளாக வெளிப்படும்.

எடைக்கு 90 பங்கு செம்பு, 10 பங்கு வெள்ளீயம். 700 கிராமுக்கு 630 செம்பு, 70 வெள்ளீயம். இங்கே ஒரு எச்சரிக்கை: பேச்சில் ஈயம் என்றாலே இரண்டையும் சொல்கிறோம். நமக்கு வேண்டியது வெள்ளீயம், காரீயம் விஷம். கலவையாகவே கிடைக்கும் சிலிக்கான் வெண்கலக் கட்டி வாங்கினால் இந்தக் கணக்கும் மிச்சம், நன்றாகவும் ஓடும், முதல் வார்ப்புக்கு நான் அதைத்தான் சொல்வேன்.

பழைய குழாய், பூட்டு, பாத்திரம் என்று கிடைத்ததைப் போடாதீர்கள். பெரும்பாலும் பித்தளையாக இருக்கும். அதிலுள்ள துத்தநாகம் 907 டிகிரியில் கொதித்து வெள்ளைப் புகையாகும், மூச்சில் போனால் அன்று இரவே காய்ச்சலும் நடுக்கமும் வரும்.

செம்பு 1085 டிகிரியில் உருகும், வெள்ளீயம் 232லேயே உருகிவிடும். அதனால் முதலில் செம்பு மட்டும், மேலே கரித்துண்டுகள் போட்டு மூடி, முழுசாக உருகிய பிறகு முன்பே சூடுகாட்டி வைத்த வெள்ளீயம். ஈரமான அல்லது குளிர்ந்த துண்டை உருகிய உலோகத்தில் போட்டால் தெறிக்கும். கிராஃபைட் கம்பியால் அடியோடு கிளறுங்கள். மூசைக்குள் கட்டிகளை இறுக்கித் திணிக்க வேண்டாம், உலோகம் விரிந்து மூசையை உடைத்துவிடும். 1150 டிகிரி போதும். இன்னும் கொஞ்சம் சூடாகட்டுமே என்று விடுவதுதான் துளைகளுக்கு முக்கியக் காரணம்.

9. ஊற்றுவது

உலை பற்றவைக்கும் முன்பே, காலி மூசையை வைத்துத் துணையாளோடு இரண்டு முறை ஒத்திகை பாருங்கள். யார் கசடு வழிப்பது, எந்தப் பக்கம் நடப்பது, மிஞ்சியதை எங்கே ஊற்றுவது எல்லாம். மிஞ்சியது போக, சூடாக்கி வைத்த ஒரு இரும்பு அச்சு பக்கத்தில் இருக்க வேண்டும்.

வெறும் சிமெண்ட் தரையில் ஊற்றாதீர்கள். அதற்குள் ஈரம் இருக்கும், உருகிய உலோகம் சிந்தினால் தரை வெடித்துச் சிதறும். காய்ந்த மணல் பரப்பி, அதில் அச்சை வாய் மேலாகப் புதைத்துச் சுற்றிலும் மணலை அணைத்துவிடுங்கள். மணல் விழாமல் புனலை மூடி வைத்து, ஊற்றும் நொடியில் எடுங்கள்.

கசடை வழித்துவிட்டு, மூசையின் வாயைப் புனலுக்கு மிக அருகில் கொண்டுபோய், விடாமல் ஒரே ஓட்டமாக ஊற்றுங்கள். சொட்டுச் சொட்டாக வேண்டாம், நடுவில் நிறுத்தவே வேண்டாம். அரை நொடி நிறுத்தினாலும் அந்த இடத்தில் மடிப்புக் கோடு விழும். காற்றுத்துளைகளில் ஒளிர்கிற உலோகம் எட்டிப் பார்த்தால் அச்சு நிரம்பிவிட்டது. புனலும் நிரம்பும்வரை ஊற்றிவிட்டு நிறுத்துங்கள்.

அப்படியே விட்டுவிட்டுப் போய்விடுங்கள், மறுநாள் வரை. தண்ணீரில் முக்கி ஆற்றுவதெல்லாம் வேண்டாம், காதோ கொம்போ விரிசல் விடும்.

10. உடைத்து, அறுத்து, சரிசெய்வது

மரச்சுத்தியால் தட்டிக் கம்பியை அறுத்து மண்ணை நீக்குங்கள். காதுப் பக்கம் மட்டும் சுத்தி வேண்டாம், ஊசியும் கம்பித் தூரிகையும் போதும். முகமூடி போட்டுக்கொள்ளுங்கள், சுட்ட மண் தூசில் இருக்கும் சிலிக்கா நுரையீரலுக்கு நல்லதில்லை. வெளியே வருவது கறுத்து, தண்டுகளோடு, ஏதோ முள்ளம்பன்றி மாதிரி இருக்கும். மனம் தளர வேண்டாம், எல்லா வார்ப்பும் அப்படித்தான் வரும்.

பெஞ்ச் வைஸில் தோலோ மரத்துண்டோ வைத்துப் பிடித்து, தண்டுகளை உடம்பிலிருந்து 2 மி.மீ. தள்ளி ரம்பத்தால் அறுங்கள். மிச்சத்தை அரத்தால் ராவி இறக்குங்கள். ஒட்டி அறுக்கப் போனால் ரம்பம் வயிற்றில் இறங்கும்.

இப்போது குறைகளைப் பாருங்கள், ஒவ்வொன்றும் எந்தப் படியில் தவறினீர்கள் என்று சொல்லும். மெல்லிய தகடு மாதிரி நீட்டிக்கொண்டிருந்தால் அச்சு வெடித்திருக்கிறது. மணிகள் இருந்தால் முதல் பூச்சில் குமிழ். நுனி மழுங்கியிருந்தால் காற்றுத்தண்டு இல்லை அல்லது அச்சு ஆறிவிட்டது. தண்டு சேர்ந்த இடத்தில் பள்ளம் என்றால் தண்டு மெலிவு. பரவலாக ஊசித்துளை என்றால் உலோகம் அதிகம் சூடாகிவிட்டது. மணியையும் தகட்டையும் உளியால் செதுக்கிவிடலாம். சின்னத் துளையில் ஓட்டை போட்டு, அறுத்த காற்றுத்தண்டையே ராவி ஆணியாக அடித்து, தலையைத் தட்டிப் பரப்பினால் தெரியாது.

முடி, மடிப்பு, கண் ஓரம் இவற்றைக் கடைசியில் சன்ன உளியால் மீண்டும் தெளிவாக்குங்கள். எருமைக்கு முழுக்கப் பளபளப்பு பொருந்தாது. முதுகையும் நெற்றியையும் மட்டும் உப்புத்தாள் போட்டு, மற்றதைக் கம்பித் தூரிகையோடு விட்டுவிடுங்கள் என்பது என் கட்சி.

11. நிறம் ஏற்றுவது

எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல் சோப்புத் தண்ணீரில் கழுவுங்கள், கழுவிய பிறகு வெறும் விரல் படக் கூடாது. பட்ட இடத்தில் நிறம் பிடிக்காது. பொட்டாசியம் சல்பைடு கட்டியைக் கொஞ்சமாக வெந்நீரில் கரைத்து, வெளிறிய தேநீர் நிறத்தில் வைத்துக்கொண்டு, லேசாகச் சூடாக்கிய சிலையில் தூரிகையால் பூசுங்கள். முதலில் பொன்பழுப்பு, பிறகு கரும்பழுப்பு, பிறகு கறுப்பு. கரைசலைத் திடமாகக் கலக்கினால் ஒரே வீச்சில் கறுத்து, உரியும் தோலாகிவிடும். நீர்க்கக் கலக்கிப் பலமுறை பூசுங்கள். அழுகிய முட்டை வாடை வரும், வெளியில் வைத்தே செய்யுங்கள், பக்கத்தில் அமிலம் எதுவும் இருக்கக் கூடாது. சேர்ந்தால் விஷவாயு.

போதும் என்று தோன்றுவதற்கு ஒரு படி முன்பே கழுவி நிறுத்துங்கள். காய்ந்ததும் மேடான இடங்களைச் சன்ன எஃகுக் கம்பளியால் லேசாகத் தேய்த்தால் முதுகெலும்பும் கொம்பின் வளைவும் வெளிச்சம் வாங்கும். சிலை இளஞ்சூடாக இருக்கும்போதே மெழுகு தடவித் துணியால் துடைத்துவிடுங்கள்.

அறுத்த தண்டுகளையும் புனலையும் மண் துகள் இல்லாமல் சுரண்டிக் கழுவிக் காயவைத்து, என்ன கலவை என்று சீட்டு எழுதிப் போட்டுவையுங்கள். அடுத்த முறை பாதி இது, பாதி புதிய உலோகம்.